உதவிக்கு: சிடி, 214

எங்கள் கம்பெனியில் முன்னூற்று எண்பது கம்ப்யூட்டர்கள். ஐந்து மாடி, பின்னால் ஒரு கிடங்கு. எந்த மென்பொருள் வேண்டுமென்றாலும் நாலு பேர் மேசை மேசையாகப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். அந்த நாலு பேரில் மூத்தவன் என் அண்ணன். சட்டைப் பையில் இரண்டு சிடியோடு அலைந்த காலத்தில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றும் எல்லோருக்கும் அவன் சிடிதான். எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அந்த நாலு பேரின் நடையை நிறுத்துவதுதான் என் வேலை. இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் மென்பொருளை நிறுவ வேண்டியதில்லை. ஒரு பொட்டலமாகக் கட்டி சர்வரில் வைத்துவிட்டால், தேவைப்படுகிறவர் திரையில் அது வந்து ஓடும். கம்ப்யூட்டருக்குள் எதையும் மாற்றாது, சுவரில் ஆணி அடிக்காத வாடகைக்காரர் மாதிரி. பொட்டலம் கட்ட, ஒன்றுமே இல்லாத புதுக் கம்ப்யூட்டரில் ஒரு ரெக்கார்டரை ஓடவிட்டு, மென்பொருளை வழக்கம்போல் நிறுவ வேண்டும். எங்கே என்ன மாறியது, எந்தக் கட்டத்தில் என்ன அடித்தோம், எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். அதுதான் அப்படியே எல்லோருக்கும் போகும். பக்கத்தில் நின்று தும்மினாலும் பதிவாகிவிடும் என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

ஐந்து மாடியிலும் எல்லோரும் திறந்து வைத்திருக்கும் கிடங்கின் சரக்கு மென்பொருள் மட்டும் பிடி கொடுக்கவில்லை. பதிமூன்று வருடப் பழசு. எழுதிக் கொடுத்த கம்பெனியே இப்போது இல்லை. மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் திறந்தவுடன் உயிரை விட்டது. எதற்குப் பின் எதைப் போட வேண்டும் என்பது அண்ணன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உங்க அண்ணனையே உக்கார வச்சுப் பதிவு பண்ணிடுங்க. இது ஓடிட்டா மாசக் கடைசியோட நாலு பேரையும் அனுப்பிடறதா முடிவு. அதுவரைக்கும் வெளியே தெரிய வேண்டாம்."

தலையாட்டினேன். இடத்துக்கு வந்து, மதியம் சாப்பிட்ட டப்பாவை எடுத்துப் போய்க் கழுவி வைத்தேன்.

மறுநாள் அண்ணன் வந்து உட்கார்ந்தான்.

"எல்லாமே பதிவாகுமா?"

"ஆகும்."

"மூக்கைச் சொறிஞ்சா?"

"அதுவும்தான்."

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். முதலில் எழுத்துருக்கள், பிறகு யாரும் பயன்படுத்தாத ஒரு பிரிண்டரின் டிரைவர், அதற்கப்புறம்தான் மென்பொருள். அந்தப் பிரிண்டர் இல்லையென்றால் அது முரண்டு பிடிக்குமாம். நாற்பது நிமிடம். நான் பக்கத்து நாற்காலியில் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அவன் விரல்களைப் பார்க்க மனசு வரவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு எதையுமே பார்க்கத் தோன்றவில்லை, மரத்துப் போயிருந்தது.

பொட்டலம் முதல் தடவையிலேயே ஓடியது. அனுப்பும் முன் பதிவானதை வரி வரியாகப் பார்ப்பது என் வழக்கம். இந்த முறை பார்க்காமலே விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை முன்னூற்று எண்பதுக்கும் போனது. மதியத்துக்குள் தெரிந்துவிட்டது: எல்லாத் திரையிலும் கீழே 'உதவிக்கு: சிடி, 214' என்று நின்றது. 214 அண்ணனின் மேசை போன். நிறுவும்போது, உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு ஒரு கட்டம் வரும். பதினொரு வருடமாகத் தான் போட்ட கம்ப்யூட்டர்களில் எல்லாம் அண்ணன் அதில் இதைத்தான் அடிப்பான். பழக்க தோஷம் என்று நினைத்தேன். அன்று முழுக்க அவன் போன் ஓயவில்லை, மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி போன் செய்தார்.

"எல்லா ஸ்க்ரீன்லயும் உங்கண்ணன் பேரைப் போட்டிருக்கியாமே? வேலை போயிடும்னு ரெண்டு மாசமா சரியாத் தூங்கலை மனுஷன். நேத்துதான் தூங்கினார். நீ நல்லா இருப்பேம்மா."

உம் கொட்டினேன்.

புதன்கிழமை மேனேஜர் சொல்லிவிட்டார்: அந்த வரியை எடுத்துவிட்டுத் திரும்ப அனுப்ப வேண்டும். மறுநாள் காலை எட்டரைக்கு என்று குறித்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பிறகு படிக்கட்டில் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா, அந்த நம்பர் தப்பாப் போயிடுச்சு. நான் வேணும்னு விடலை. நாளைக்கு எடுத்துடுவேன். மாசக் கடைசியோட உங்க நாலு பேரையும்..."

அண்ணன் கைப்பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"நான் தெரிஞ்சுதான் அடிச்சேன். பதிவாகும்னு நீதானே சொன்னே. நீ பார்ப்பே. எடுத்துட்டா எனக்கு வேலை இல்லைன்னு புரிஞ்சுக்கலாம். விட்டு வச்சா, நீ எனக்காக ஏதோ பேசியிருக்கேன்னு அர்த்தம். வாயைத் திறந்து உன்கிட்ட கேட்கச் சங்கடமா இருந்துச்சு."

"நான் பார்க்கவே இல்லைண்ணா."

அவன் இரண்டு படி இறங்கித் திரும்பினான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேல எடேன். கிடங்குல சரக்கு பதியற வயசான அம்மா ஒருத்தங்க ஒன்பதரைக்குக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு நம்பர் ஞாபகம் இருக்காது, ஸ்க்ரீனைப் பார்த்துத்தான் அடிப்பாங்க."

சரி என்றேன். நேரத்தை மாற்ற இன்னொரு கையெழுத்து வேண்டும். மேனேஜர் இரண்டு அறை தள்ளித்தான் இருந்தார். நான் போகவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எட்டரைக்கு முன்னூற்று எண்பது திரையிலும் அந்த வரி போய்விட்டது. அண்ணன் திரையிலும்தான். ஒன்பதரைக்கு அவன் நாற்காலியைப் போன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பத்தேகால் வரை அது அடிக்கவில்லை. எழுந்தவன் என் மேசையைத் தாண்டும்போது நின்றான்.

"மறந்திருப்பாங்க," என்றான்.