நாலாம் கட்டத்துக் கல்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று. ஆறு நாள் மழையில் நனைந்து தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கு அந்த ஒரு பகல் தூக்கம்தான் சொத்து. நாலு பேர் முதுகிலாவது சாத்திவிட்டு வருவது என்று விளக்குமாற்றோடு போனேன்.

சண்டை சில்லு விளையாட்டில். மண்ணில் எட்டுக் கட்டம் கீறி, ஓட்டுச் சில்லை எறிந்து, ஒற்றைக் காலில் நொண்டிப் போகிற ஆட்டம். பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து முந்தாநாள் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குக் குடிவந்தவர்களின் மகள் காளியம்மா, நாலாம் கட்டத்தை மிதிக்காமல் தாண்டினாளாம். அழுகுணி ஆட்டம் என்று மற்றதுகள் அவளைச் சூழ்ந்துகொண்டு நின்றன. அவளோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒரே பிடியாக நின்றாள்.

"நாலுல கல்லு இருக்கு. அதுல கால் வைக்கக் கூடாது."

அங்கே கல்லும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஆனால் அந்தக் கல்லை எனக்குத் தெரியும்.

அந்தக் கல் இருந்தது மணப்பாறைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு வாசலில். பெயர்த்தெடுக்க முடியாத பாறை முனை. கட்டம் போட வேறு இடமில்லாததால், நாலைத் தாண்ட வேண்டும் என்று என் அக்கா சின்னாத்தா சட்டம் போட்டாள். அவளுக்குப் பத்து வயது, பெரிய மகாராணி. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கடல் தாண்டி, பதுளைக்குக் கால்நடையாக வந்தபோதும் இளைப்பாறிய இடமெல்லாம் கட்டம் கீறினாள். கல்லே இல்லாத மண்ணிலும் தாண்டச் சொன்னாள். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத சட்டம் அது.

வழியில் அவளுக்கு வாந்திபேதி கண்டது. நோயாளிகள் கொட்டகையில் விட்டோம். மறுநாள் விடியலில் கங்காணி வந்து, பிள்ளை போய்விட்டது, புதைத்தாயிற்று, நடங்கள் என்றார். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. இருபது வருஷமாக அந்தப் பேச்சை நம்பியிருந்தேன்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் காளியம்மாவின் தாயைத் தேடி ஓடினேன். அக்காவாக இருந்துவிட்டால்? அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். அக்கா இல்லை. சீரங்காயி என்றாள். நாலைத் தாண்ட யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

சின்ன வயதில் தானும் அப்படியொரு கொட்டகையில் கிடந்தாளாம். பக்கத்தில் சின்னாத்தா என்று ஒரு பிள்ளை. அது தேறி எழுந்து, வாசலில் கட்டம் கீறி இவளையும் ஆடக் கூப்பிட்டதாம்.

"எத்தன நாளு ஆடுனீங்க?" என்றேன்.

"எட்டுப் பத்து நாள் இருக்கும்ங்க. மறுபடியும் வாந்திபேதி கண்டுதான் போயிருச்சு. ரோட்டுல ஆள் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் பாக்கும். தங்கச்சி வருவா, அவளுக்கு இந்த ஆட்டம் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

இத்தனை வருஷம் அழுததெல்லாம் செத்துப்போன அக்காவுக்காக. உயிரோடு எங்களுக்காகக் காத்திருந்தவளை நினைத்து அன்றைக்குத்தான் அழுதேன். கங்காணி செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. திட்டித் தீர்க்கக்கூட ஆளில்லை.

களத்தில் சண்டை ஓயவில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் என்னிடம் வந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சில்லை எறிந்தேன். மூன்று கட்டம் நொண்டிப் போய், நாலைத் தாண்டினேன்.

"கல்லு இருக்கு," என்றேன். "எங்கக்கா சின்னாத்தா வச்ச சட்டம். எல்லாரும் தாண்டணும்."