இடது ஓரத்தில் மண்ணெண்ணெய் டப்பா

நான் ஒன்றும் பெரிய சினிமாப் பைத்தியம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருந்தால் உட்காருவேன், தூக்கம் வந்தால் அங்கேயே தூங்கிவிடுவேன். ஆனால் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு வாய் என்று ஒன்று இருக்கிறதே! இப்போது வருகிற இந்திப் படத்தில் ஹீரோ ஹெலிகாப்டரிலிருந்து குதிக்காமல் வீட்டுக்குள் நுழைய மாட்டேன் என்கிறான். சீரியலில் மாமியார் கையிலிருந்து ஒரு டீக் கோப்பை கீழே விழ ஒரு வாரம் ஆகிறது. விழுந்த பிறகு வீட்டிலிருக்கிற பதினெட்டு பேர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுகிறார்கள். என் மனைவி ஹன்ஸி அதையும் விடாமல் பார்த்துக்கொண்டே வெள்ளரிக்காய் துருவுவாள். நான் ஏதாவது சொன்னால், "பேசாம பாருங்க, இல்லேன்னா எந்திரிச்சுப் போங்க" என்பாள். எங்கே போவது? நைனிதால் மலையடிவாரத்தில், ஹல்த்வானியில் எங்களுடையது இரண்டு அறை வீடு.

டிவி எங்கள் மகன் லலித் வாங்கி அனுப்பியது. அவனுக்கு டேராடூனில் வேலை. நாற்பத்து மூன்று அங்குலம். இரண்டு பேர் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நேரம் நாம் ரிமோட்டைத் தொடாவிட்டால் "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று அதுவே கேட்கும். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், கண் தெரியவில்லையா உனக்கு என்று நானும் பதிலுக்குத் திட்டுவேன்.

அதில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். படம் போட்டால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. முப்பது வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தவன் நான். ஒரு யூனிட் எங்கே ஒழுகினாலும் மோப்பம் பிடிப்பேன். நாற்பத்து மூன்று அங்குலம் வாங்கிவிட்டு முப்பது அங்குலம் பார்க்க நான் என்ன இளிச்சவாயனா? ரிமோட்டைக் குடைந்து குடைந்து 'ஜூம்' என்று ஒன்றைப் பிடித்தேன். அழுத்தினேன். பட்டை போயே போய்விட்டது. படம் சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. ஹன்ஸியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். மூன்று வருஷமாக அப்படியேதான் வைத்திருந்தேன்.

இப்போது ஹன்ஸியின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் பிறந்து வளர்ந்தது நைனிதாலில், ஏரியின் கீழ்க்கரையில். எண்பத்தெட்டில் அங்கே ஒரு படப்பிடிப்பு வந்தது. படத்தின் பேரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, ஒரு வாரம் ஓடிப் பெட்டிக்குள் போன படம். அன்றைக்கு ஹன்ஸிக்குப் பத்தொன்பது வயசு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு கரையோரமாக வந்திருக்கிறாள். படகிலிருந்து ஹீரோ இறங்குகிறான், கரையில் ஒரு குதிரை, அதைச் சுற்றிக் கூட்டம். பின்னாலிருந்து யாரோ இவளை நெருக்கி முன்னால் தள்ளிவிட்டார்கள். "எல்லாரும் சிரிங்க!" என்று ஒருவன் ஒலிபெருக்கியில் கத்தியிருக்கிறான். இவளும் சிரித்துவிட்டாள், கையில் மஞ்சள் டப்பாவோடு, தானே பின்னிய அரக்கு ஸ்வெட்டரோடு. எண்ணெய் தாமதமானதற்கு வீட்டில் நல்ல வசவு.

மறுவருஷம் படம் நைனிதால் தியேட்டருக்கு வந்தபோது தோழிகளோடு போய்ப் பார்த்திருக்கிறாள். திரையின் இடது ஓரத்தில், குதிரைக்குப் பக்கத்தில், நாலு எண்ணுகிற நேரம் இவள் நின்றாளாம். தோழிகள் விசிலடித்தார்களாம். தொண்ணூற்றொன்றில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த முதல் மாசமே இதைச் சொன்னாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொன்னாள்.

தொண்ணூற்றேழில் கேபிளில் அந்தப் படம் வந்தது. அப்பா இருந்தார், என் தங்கை ஜானகி இருந்தாள், பக்கத்து வீட்டிலிருந்து ஏழெட்டு பேர் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படகு வந்தது. ஹீரோ இறங்கினான். இடது பக்கம் ஒரு குதிரையின் மூக்கு தெரிந்தது. அவ்வளவுதான். ஹன்ஸியும் இல்லை, டப்பாவும் இல்லை.

ஜானகிக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி குதிரைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்காங்க போல!" என்றாள். கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அன்றிலிருந்து ஹன்ஸிக்கு எங்கள் வீட்டில் பேர் 'ஹீரோயின் அண்ணி'. உறவில் யாராவது கொஞ்சம் ஏற்றிப் பேசினால், "அது ஹீரோயின் அண்ணி கதை மாதிரி" என்று சொல்கிற அளவுக்குப் போய்விட்டது. ஹன்ஸி பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தால் அவள் மற்றபடி சொல்கிறதையும் எல்லோரும் பாதியாகக் குறைத்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

போன ஆடிக் கடைசியில் லலித் போன் செய்தான். "அம்மா, உன் படம் கிடைச்சிருச்சு! நெட்ல முழுசாப் போட்டிருக்கான். நம்ம டிவியிலயே பார்க்கலாம்" என்றான். ஹன்ஸி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வேலையாக ராம்நகரில் இருக்கிற ஜானகிக்குத் தானே போன் போட்டாள்.

"நெய் சங்கராந்திக்கு இங்க வந்துரு ஜானகி. விருந்து இங்கதான். சாப்பிட்டுட்டு உன் கண்ணாலயே பார்த்துக்கோ."

நான்தான் கொஞ்சம் இழுத்தேன். "முதல்ல நாம மட்டும் பார்த்துரலாமே?"

"எதுக்கு? நான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். சேர்ந்தே பார்க்கலாம்" என்றாள். இருபத்தாறு வருஷக் கேலியை ஒரே நாளில் இறக்கி வைக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள் அந்த வாரம் முழுக்க. சேப்பங்கிழங்குக் குருத்தைத் தேடி மார்க்கெட்டுக்கு இரண்டு நடை போனாள்.

ஆவணி முதல் நாள், எல்லோரும் நெய் சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிற எங்கள் மலைப் பண்டிகையன்று ஜானகி வந்தாள். உளுந்து வைத்த ரொட்டி, அதன் மேல் நெய், கடுகு அரைத்துவிட்ட வெள்ளரிக்காய்த் தயிர். சாப்பிட்டு முடித்துப் படத்தைப் போட்டேன். பாட்டையெல்லாம் ஓட்டிவிட்டேன். படகு வந்தது. ஹன்ஸி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

இந்தத் தடவை குதிரையின் முகம் முழுசாகத் தெரிந்தது, கழுத்து வரைக்கும். அதற்கு மேல் எங்கள் வீட்டுச் சுவர்.

பின்னால் நகர்த்திப் போட்டேன். மறுபடியும் அதே குதிரைதான்.

"கேபிள்ல மூக்கு தெரிஞ்சது, இப்ப கழுத்து தெரியுது. இன்னும் இருபத்தாறு வருஷம் போனா வாலும் தெரிஞ்சிரும், அண்ணியும் தெரிஞ்சிருவாங்க" என்றாள் ஜானகி. கெட்ட எண்ணம் இல்லை அவளுக்கு, வாய் அப்படி.

ஹன்ஸி கோபப்படவில்லை. "தியேட்டர்ல இருந்தேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு டீ போட எழுந்து போனாள். ஜானகி பஸ் ஏறுகிற வரை ஹன்ஸி அவளோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள், நெய்யைத் தனியாக டப்பாவில் ஊற்றிக்கூடக் கொடுத்தாள். திரும்பி வந்து பாத்திரம் ஒதுக்கும்போதுதான் என்னைக் கேட்டாள்.

"நீங்களாவது நம்புறீங்களா?"

நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. மூன்று தடவை என் கண்ணாலேயே பார்த்தேனே, இல்லையே! "விடு, பழைய கதை" என்றேன். அவள் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள். நாலு நாள் சீரியல் போடவில்லை. நான் குறை சொல்ல ஆள் கிடைக்காமல் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவள் மார்க்கெட்டுக்குப் போனாள். நான் கிரிக்கெட் போட்டேன். கடைசி ஓவர்கள். திரையின் அடியில் ஓடுகிற ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தது. எண்களுக்குத் தலை இருக்கிறது, கால் இல்லை. ரொம்ப நாளாகவே அப்படித்தான், சேனல்காரன் கோளாறு என்று நினைத்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஆட்டம் இறுக்கமாக இருந்ததால் பொறுக்க முடியாமல் லலித்துக்குப் போன் போட்டேன்.

"அப்பா, டிவியை ஜூம்ல வெச்சிருக்கீங்களா?"

"ஆமா. பட்டை வருதேன்னு வெச்சேன். அதுக்கென்ன?"

"ஐயோ அப்பா! ஜூம்னா படத்தைப் பெரிசாக்கி ஓரத்தையெல்லாம் வெட்டிரும். அதான் ஸ்கோர் தெரியல. 'ஒரிஜினல்'னு இருக்கும் பாருங்க, அதுல வைங்க."

வைத்தேன். ஸ்கோர் காலோடு வந்து நின்றது. ஆறு பந்தில் ஒன்பது ரன் வேண்டும். எனக்கு ஆட்டம் மறந்துவிட்டது.

"லலித், ஓரம்னா... கீழ மட்டுந்தானா, பக்கத்துலயும் வெட்டுமா?"

"நாலு பக்கமும்தான். அகலமான பழைய படம்னா பக்கத்துலதான் நிறையப் போகும். அந்தக் காலத்து கேபிள்ல இன்னும் மோசம், பாதிப் படமே வராது. ஏன்ப்பா?"

"ஒண்ணுமில்ல" என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்து உட்கார்ந்தது. படகு வந்தது. ஹீரோ இறங்கினான். முழுக் குதிரையும் நின்றது. அதற்குப் பக்கத்தில், திரையின் இடது ஓரத்தில், அரக்கு ஸ்வெட்டரில் ஒரு பெண். கையில் மஞ்சள் டப்பா. நிறுத்தினேன்.

அவளேதான். வாயைப் பொத்தாமல், பல்லெல்லாம் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அடப்பாவி, கேபிள்காரன் ஒரு தடவை வெட்டினான், நீ ரிமோட்டை வைத்துக்கொண்டு மறுபடியும் வெட்டினாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் வந்ததும் இதைத்தான் பார்க்க வேண்டும் என்று அப்படியே நிறுத்தி வைத்தேன். ஆனால் இந்த டிவிக்குப் பொறுமை கிடையாது. ஐந்து நிமிஷம் சும்மா விட்டால் தானாக ஏதோ வெளிநாட்டு அருவியைக் காட்ட ஆரம்பித்துவிடும். அதனால் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டி, பின்னால் நகர்த்தி, மறுபடி நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் காவல் காத்தேன். பாத்ரூமுக்குக்கூட ஓடித்தான் போய்விட்டு வந்தேன்.

ஹன்ஸி காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். பையைக் கீழே வைக்கவே இல்லை. கிட்டே போய்ப் பார்த்தாள்.

"ஸ்வெட்டர் கலர் சரியா வரல" என்றாள். பிறகு, "டப்பா தெரியுது பாருங்க" என்றாள்.

"தெரியுது."

"சொன்னேன்ல?"

"சொன்ன." மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். "நான்தான் பட்டை வேண்டாம்னு ஒரு பட்டனை அமுக்கி வெச்சிருந்தேன். அதுதான் உன்னை வெட்டியிருக்கு. பண்டிகையன்னைக்கும் அதான்."

அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீங்களும் நான் பொய் சொல்றேன்னுதானே நினைச்சீங்க?"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

திரையில் இருந்தவளை இன்னும் ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு, "ஜானகிக்குப் போன் போடுங்க. நான் பேச மாட்டேன். நீங்களே காட்டுங்க" என்றாள்.

வீடியோ காலில் போட்டேன். ஜானகி தலையில் துண்டோடு வந்தாள். போனைத் திரையை நோக்கித் திருப்பினேன்.

"என்ன அண்ணா இது? ஒரே வெள்ளையா இருக்கு."

"உன் அண்ணிடி! படத்துல! ஓரத்துல பாரு."

"வெளிச்சந்தான் அடிக்குது. ஒண்ணுமே தெரியலையே."

போனைச் சாய்த்துப் பார்த்தேன், கிட்டே கொண்டுபோனேன், ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். அவளுக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி, தெரியலேன்னா விடு. நான் சொல்றேன் ஜானகி, கேட்டுக்கோ. அவ இருக்கா. குதிரைக்குப் பக்கத்துல, கையில மண்ணெண்ணெய் டப்பாவோட சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் பார்த்துட்டேன்."

"அப்படியா?" என்றாள் ஜானகி. "நீயே சொன்னா சரிதான் அண்ணா. நீ என்ன பொய்யா சொல்லப் போற? அண்ணிகிட்ட நான் தப்பா நினைச்சுட்டேன்னு சொல்லிரு. ஆமா, அங்க மழை எப்படி?"

மழையைப் பற்றி என்ன சொன்னேனோ, போனை வைத்துவிட்டேன். பெரிய வேலை முடித்தவன் மாதிரி ஹன்ஸியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"என்ன அவ்வளவுதானா?"

"அவ படத்தையே பார்க்கலையே. நீங்க வாயால சொன்னீங்க, உடனே நம்பிட்டா." குரல் உயரவே இல்லை. "இதுக்குப் படமே வேண்டியதில்ல போலயே. அந்தக் கேபிள் நாள்லயே நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

அதற்குள் ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது போலிருக்கிறது. திரையில் அவள் போய் அருவி வந்தது. நான் அவசரமாக ரிமோட்டைத் தேடினேன்.

ஹன்ஸி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"விடுங்க, பழைய கதை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.