மின்விசிறிச் சண்டை

தையல்கூடத்தில் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். அவர்கள் மின்விசிறியைப் போட்டால், குளிருகிறதென்று இவள் அணைத்துவிடுவாள்.

"வேலைன்னா தூக்கம், வெயில்ல ஸ்வெட்டர்! சரியான சோம்பேறி" என்பார் கட்டிங் மாஸ்டர்.

அசதி தாங்காமல் ஒருநாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "உங்க மேல தப்பில்லம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டை எதிரின்னு நினைச்சுத் தாக்குது. அதான் குளிரும் அசதியும். தினமும் வெறும் வயித்துல இந்த மாத்திரை" என்றார்.

"காவலுக்கு வெச்சவனே வீட்டுக்காரனை அடிச்ச கதையால்ல இருக்கு!" சோம்பேறிப் பட்டம் கழன்ற நிம்மதியில் அவள் சிரித்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம், அவளுக்குப் பயந்து எல்லாரும் வியர்த்துக் கொட்டியபடி தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஸ்வெட்டரைக் கழற்றினாள். எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினாள்.

"அப்பப்பா, என்ன புழுக்கம்! ஃபேன்கூட போடாம எப்படித்தான் உட்கார்ந்திருக்கீங்களோ!"