வெளியே வந்த கை

"என்னையறியாமல் அடித்துவிட்டேன்" என்று டிலக்சி நோர்வேஜிய மொழியில் மாற்றிச் சொல்லி முடித்ததும், பொலிஸ் அதிகாரி யூலியன் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த யப்பானியரை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த யப்பானியரின் பெயர் நாகாயாமா. அறுபதை நெருங்கியவர். தன் நாட்டுக் கம்பனி ஒன்றுக்காக ஒஸ்லோவில் தங்கிச் சால்மன் மீன் வாங்குபவர். முதல்நாள் காலை, துறைமுகத்துக் குளிர்களஞ்சியத்தின் வெளிப்படிக்கட்டில் அவரும் களஞ்சிய முகாமையாளர் ஆன்ட்ரியாசும் தர்க்கப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஆன்ட்ரியாஸ் மேற்படியிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, இன்னும் நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விழும்போது நாகாயாமாவின் கை அவர் நெஞ்சில் இருந்ததைக் கண்டதாகக் கீழே நின்ற லொறிச் சாரதி சொல்லியிருந்தார்.

டிலக்சி ஒஸ்லோவில் பிறந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். அவர்கள் மருத்துவம் படிக்கச் சொல்ல, அவள் யப்பானிய மொழி படித்து, சப்போரோவில் சில வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி, மொழிபெயர்ப்பாளராகியிருந்தாள்.

அன்று காலையிலிருந்தே நாகாயாமாவின் பேச்சில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 'தெ'. கை என்று பொருள். கம்பனி கையை இழுக்கப்போகிறது என்றார். இந்த வியாபாரத்திலிருந்து விலகப்போகிறது என்று அவள் சொன்னாள். கையைத் தட்டிவிடலாம் என்று ஆன்ட்ரியாசைக் கெஞ்சியதாகச் சொன்னார். இருவருக்கும் ஏற்ற விலையில் முடித்துக்கொள்ளலாம் என்று மாற்றினாள். களஞ்சியத்தில் கை போதாததால் படியில் உறைந்த பனியை ஒருவரும் அகற்றவில்லை என்றார். ஆட்கள் போதாது என்றாள். எதிலும் அவளுக்குத் தடங்கல் இருக்கவில்லை. பிறகுதான், நினையாமலே கை வெளியே வந்துவிட்டது என்று அவர் சொன்னார். கோபத்தில் அடித்துவிட்டவர்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை அது. அவள் யோசிக்காமல் அடித்துவிட்டேன் என்று மாற்றினாள்.

அதற்கு அடுத்து அவர் சொன்னதுதான் அவளைக் குடைந்தது. "நேரத்துக்கு எட்டவில்லை." அதையும் அப்படியே மாற்றினாள். யூலியன் அதைக் குற்றவுணர்வாக எடுத்துக்கொண்டு, இடைவேளை விட்டார்.

தாழ்வாரத்தில் கோப்பி இயந்திரத்தின் முன்னால் நின்றபடி அந்த இரண்டு வரிகளையும் மறுபடி சொல்லிப் பார்த்தாள். அடித்த மனிதர் எதற்கு நேரத்துக்கு எட்டவில்லை என்கிறார்? அவன் கை நீட்டிப்போட்டான் என்று அம்மா சொன்னால் அடித்தான் என்றுதான் அர்த்தம். ஆனால் கடலில் விழுந்தவனுக்கும் கைதானே நீட்டுகிறோம். யப்பானியத்திலும் அப்படித்தான். நோர்வேஜிய மொழியில் மட்டும் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டியிருந்தது. தெரிவு செய்தவர் நாகாயாமா அல்ல, அவள்.

அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து அறையில் கூடவே இருந்த நாகாயாமாவின் சட்டத்தரணி லதீசன் பக்கத்தில் வந்து நின்றான். அவனும் இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைதான். குரலைத் தாழ்த்தித் தமிழில் கேட்டான்.

"அக்கா, அந்த மனுசன் அடிச்சனான் எண்டுதான் சொன்னவரோ? எனக்கு அப்பிடித் தெரியேல்லை."

"லதீசன், இதை நீங்கள் என்னட்டைக் கேக்கக்கூடாது. நான் உள்ளுக்கு வந்து எல்லாருக்கும் முன்னாலதான் கதைப்பன்."

அவள் திரும்பியபோது அறை வாசலில் யூலியன் நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இருவரும் தங்கள் மொழியில் மெதுவாகக் கதைத்ததைக் கண்டுவிட்டார்.

இனித் திருத்தினால் லதீசன் சொல்லித் திருத்தியதுபோலத் தெரியும் என்பது அவளுக்கு விளங்கியது. திருத்தாமல் விட்டால், அந்த ஒரு வரி வழக்காகிவிடும். ஒலிப்பதிவு மறுபடி தொடங்கியதும் அவள் முதலில் பேச அனுமதி கேட்டாள். தான் ஒரு பிழை விட்டதாகவும், அவர் சொன்ன வார்த்தைக்கு அடித்தேன் என்றும் பொருள் வரும், கையை நீட்டினேன் என்றும் பொருள் வரும் என்றும், எது என்று தான் முடிவு செய்திருக்கக்கூடாது என்றும் சொன்னாள்.

"இடைவேளைக்கு முன் உங்களுக்கு இந்தச் சந்தேகம் இருக்கவில்லை" என்றார் யூலியன். "வெளியே சட்டத்தரணியோடு என்ன பேசினீர்கள்?"

லதீசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டு, இருவரும் பேசியதை ஒரு சொல்லும் விடாமல் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். அவன் முகம் சிவந்தது. பதிவை வேறொரு மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிக் கேளுங்கள், அதுவரை என் சொல்லை நம்பவேண்டாம் என்றும் சொன்னாள்.

யூலியன் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். பிறகு நாகாயாமா பக்கம் திரும்பினார். "சொல்லவேண்டாம். கை எப்படி வந்தது என்று செய்து காட்டுங்கள்."

அவள் மாற்றினாள். நாகாயாமா எழுந்தார். வலதுகையை உயர்த்தப் பார்த்தார். அது இடுப்புக்கு மேலே வரவில்லை. முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டு, இடதுகையால் காட்டினார். விரிந்த கை முன்னே போனது. விரல்கள் காற்றில் எதையோ பற்றி இறுக மூடின. உடம்பு முழுவதும் கீழ்நோக்கி இழுபட்டதுபோல் வளைந்தது.

தோளுக்கு என்ன நடந்தது என்று யூலியன் கேட்டார். ஆன்ட்ரியாஸ் கனமான மனிதர் என்றார் நாகாயாமா. ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அவர் அங்கே உயிருக்குப் போராடும்போது என் தோளைப் பற்றி எப்படிக் கதைப்பது என்றார்.

வைத்தியர் வந்து பார்த்தார். தோளின் தசைநார் கிழிந்திருந்தது, பாரத்தைப் பிடித்து இழுபட்டால் வருகிற காயம். அன்று பின்னேரம் நாகாயாமாவைப் போகவிட்டார்கள். வெளியே ஏற்கெனவே இருட்டிவிட்டிருந்தது. காரில் கொண்டுபோய் விடவா என்று லதீசன் கேட்டான். வழக்கு முடியும்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிலக்சி தனியே ரயிலுக்கு நடந்தாள்.

அடுத்த வாரம், லில்லெஸ்ட்ரோம் ரயில் மேடையில் நிற்கும்போது யூலியன் அழைத்தார். ஸ்தவாங்கரில் இருக்கும் வேறொரு மொழிபெயர்ப்பாளர் பதிவைக் கேட்டு, இரண்டு பொருளும் வரும் என்று எழுதியிருந்தார். ஆன்ட்ரியாசும் கண் விழித்துவிட்டார். பனியில் கால் வழுக்கியதும் யாரோ தன் கோட்டைப் பிடித்து இழுத்ததும் நினைவிருக்கிறதாம். வழக்கை மூடிவிட்டோம் என்றார்.

அவள் நன்றி சொன்னாள். ரயில் வந்து கதவு திறந்து மூடியது. அவள் ஏறவில்லை. அந்தத் தோள் கிழியாமல் இருந்திருந்தால், ஆன்ட்ரியாஸ் கண் விழிக்காமலே போயிருந்தால், தன்னுடைய அந்த ஒரு வரி அந்த மனிதரை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தபடி, குளிரில் நின்றுகொண்டேயிருந்தாள்.