ஒட்டில்லாத கிளை

அம்மாவின் சவப்பெட்டியில் தலைப்பக்கத்துப் பிடியில் மகன் கை வைத்ததும், கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அங்க மாப்பிள்ளை பிடிக்கட்டும். நீ கால்பக்கம் போ."

மகன் கையை எடுத்துக்கொண்டான். தலைநிறையக் கருகரு முடி. நெற்றிக்கு மேலே ஒரு கற்றை மட்டும் பால்வெள்ளை. பிறக்கும்போதே அப்படித்தான். கிழவர் வகையறாவில் எவனுக்கும் அது கிடையாது, மனைவி வகையறாவிலும் கிடையாது. அவருடைய ரோஜாப் பண்ணைக்கு வந்துபோன உரவண்டிக்காரனுக்கு மட்டும் அந்த நாளில் முன்மண்டையில் நரை. கிழவருக்குச் சந்தேகப்பட அது போதாதா?

டாக்டர் அப்போதே சொல்லிப் பார்த்தார். "கரு உண்டாகும்போதே உள்ளுக்குள்ள ஒரு சின்ன மாற்றம் விழுந்துடும். அப்பா அம்மாகிட்ட இல்லாதது பிள்ளைகிட்ட புதுசா ஆரம்பிக்கும். நாளைக்கு இவன் பிள்ளைக்கும் வரலாம்."

பேத்திக்கும் வந்தது, அதே இடத்தில். கிழவர் மசியவில்லை. "புதுசா ஆரம்பிக்குமாம்ல! அழுதுக்கிட்டு நிக்கிற பொம்பளை முன்னாடி டாக்டரு வேற என்னத்தைச் சொல்லுவான்?"

உரவண்டிக்காரனும் இன்று வாசலோரம் உட்கார்ந்திருந்தான். இப்போது முழு வழுக்கை. சாட்சியே உதிர்ந்துபோச்சு என்று கிழவர் பல்லைக் கடித்தார். அவன் பார்வை பெட்டிக்குப் போகிறதா, மகனுக்குப் போகிறதா என்று வைத்த கண் வாங்காமல் கவனித்தார். அவன் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மகள் வந்து குனிந்தாள். "அப்பா, அம்மா கையில வைக்கப் பூ வேணும். தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி அவங்க செடி இருக்கு. நீங்களே வெட்டிட்டு வாங்க."

"பண்ணை பூராவும் பூவாக் கிடக்கு. அதென்ன அவ செடி?"

"ஒரு தடவை வந்து பாருங்கன்னு எத்தனை வருஷம் கூப்பிட்டாங்க? இன்னைக்காவது போங்கப்பா."

"செத்தும் வேலை வாங்குறா" என்று முனகிக்கொண்டே ஒட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

தொட்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா. செடி முழுக்க ரத்தச் சிவப்பு. நடுவில் ஒரு கிளையில் மட்டும் வெள்ளை.

கை தானாகக் கத்தியை விரித்தது. பண்ணையில் அது சட்டம்: நிறம் மாறிய கிளையைக் கண்ட இடத்திலேயே வெட்டு, இல்லாவிட்டால் வாங்குகிறவன் கலப்படம் என்பான். வேறு செடியைக் கலந்துவிட்டதாக ஒட்டுக் கட்டும் ஆட்களைத் திருட்டுப்பயல்கள் என்று துரத்தியிருக்கிறார். எந்தக் கிளையையும் நின்று பார்த்ததில்லை.

"எவனோ வேற செடிக் கிளையை ஒட்டுக் கட்டிக் கொடுத்திருக்கான்."

குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதலில் அடிமரம். அங்கே பண்ணையின் பழைய ஒட்டு ஒன்றுதான். அதற்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய காட்டுக்கிளையோ? இல்லை, ஒட்டுக்கு வெகு மேலே. வெள்ளைக் கிளையின் தொடக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்துச் சுற்றிலும் தேய்த்தார். ஒட்டுக் கட்டினால் எத்தனை வருஷமானாலும் வடு நகத்தில் தட்டும். தட்டவில்லை. மறுபடி தேய்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சிவப்புப் பூத்த அதே கிளையின் தோல், ஒரே தோலாக வெள்ளைக்குள் போயிருந்தது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை.

முட்கள் கையைக் கீறியிருந்தன. தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு கத்தியை மடக்கினார்.

உள்ளே வந்தபோது எல்லோரும் தூக்கத் தயாராக நின்றார்கள்.

"பூ எங்கப்பா?" என்றாள் மகள்.

"வெட்டல."

நேரே பெட்டியின் தலைப்பக்கம் போனார். "மாப்பிள்ளை, நீங்க கால்பக்கம் போங்க." மகனைப் பார்க்காமல், "நீ வா. அந்தப் பக்கம் பிடி" என்றார்.

எதிரெதிரே நின்று தூக்கினார்கள். வாசற்படி தாண்டும்போது வெள்ளைக் கற்றை சரிந்து மகனின் கண்ணில் விழுந்தது. அவனுக்கு இரண்டு கையும் பெட்டியில். கிழவர் பாரத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு ஒரு கையை விடுவித்தார். அந்த முடியை மேலே ஒதுக்கிவிட்டு, திரும்பவும் பிடியைப் பற்றினார்.

"படி இருக்கு. பாத்து இறங்கு" என்றார்.