பேக் பட்டனை அமுக்கியதில் தூத்துக்குடி போன கப்பல்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தாயிற்று. கை இன்னும் எரிகிறது. நம்பாதவர்கள் கிடர்பூர் துறைமுகத்துக்குப் போய் ஹூக்ளி நதியையே கேட்டுக்கொள்ளலாம். அது பொய் சொல்லாது. சொன்னாலும் வங்காள மொழியில்தான் சொல்லும்.

பூர்ணிமாவுக்குத் தன் வேலையில் சந்தேகம் வந்ததே கிடையாது. சால்ட் லேக் செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனியில் அவள் எழுதிய புரோகிராம்கள், சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளைகள் மாதிரி நடந்துகொள்ளும். கிடர்பூரில் கப்பல் சரக்கு கிளியரிங் கம்பெனி நடத்தும் கீதாஞ்சலிக்கும் அவள்தான் ஒரு வெப் ஆப் செய்து கொடுத்திருந்தாள். மொத்தமே ஒரு பக்கம்தான். உள்ளே எதைத் தொட்டாலும் பக்கம் மாறியது போலத் தெரியும், மேலே முகவரியும் மாறும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் சர்வர் வரை ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டிருக்காது.

துர்கா பூஜைச் சதுர்த்தியன்று காலையில் கீதாஞ்சலி போன் செய்தாள்.

"பூர்ணிமா, தூத்துக்குடிலேர்ந்து ஒரு கன்டெய்னர் நிறைய வெட் கிரைண்டர் வந்து நிக்குது. சாயங்காலம் பூஜைக் கூட்டம் இறங்கிட்டா லாரிக்கு ரோடு கிடையாது. அதுக்குள்ள உன் ஆப்ல கேட் பாஸ் வரணும். வரலைன்னா அதை மூட்டை கட்டிட்டு நான் பழையபடி கார்பன் பேப்பருக்கே போயிடுவேன்."

"வரும், தீதி. நானே வரேன்," என்றாள் பூர்ணிமா. தீதி என்றால் அக்கா.

தான் எழுதிய ஒன்றைக் கார்பன் பேப்பர் தோற்கடிப்பதா? பூர்ணிமா ஆட்டோ பிடித்தாள்.

ஆபீசில் கஸ்டம்ஸ் கையெழுத்து போடும் டாங்கிள் என்ற சின்னச் செருகி ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பிரவுசரின் வயது அதைச் செய்தவர்களுக்கே மறந்துபோயிருந்தது. அதன் முன்னால் மூத்த குமாஸ்தா ஸ்ரீனிவாசராகவன் உட்கார்ந்திருந்தார். பிள்ளையாருக்குக் குட்டிக்கொள்வது போல, எந்தக் காரியத்துக்கு முன்னாலும் மூன்று தரம் ரிஃப்ரெஷ் அமுக்குகிறவர்.

"இதெல்லாம் எதுக்கு மாமா?"

"விக்னம் வராம இருக்கணுமோன்னோ."

அவர் 'கேட் பாஸ்' என்பதைத் தொட்டார். மூன்று தரம் குட்டினார். திரை வெளுத்தது. 'அப்படி ஒரு பக்கம் இங்கே இல்லை' என்றது.

பூர்ணிமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. புது பிரவுசருக்கு முகவரியை இருந்த இடத்திலிருந்தே மாற்றத் தெரியும். இந்தக் கிழத்துக்குத் தெரியாது. முகவரி மாறினால் நிஜமாகவே சர்வரிடம் போய், "கேட் பாஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறதா?" என்று கேட்கும். ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் சர்வர் கையை விரிக்கும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீனிவாசராகவன் பதற்றத்தில் பேக் பட்டனை அமுக்கினார்.

ஜன்னலுக்கு வெளியே கிரேன் லாரியிலிருந்து கன்டெய்னரைத் தூக்கித் திரும்பவும் கப்பலில் வைத்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அமுக்கினார். கப்பல் ஹாரன்கூட அடிக்காமல் பின்பக்கமாகவே ஆற்றில் இறங்கி, கடலுக்குப் போகிற வழியில் இருக்கும் டயமண்ட் ஹார்பர் போய்விட்டது.

"மாமா, கையை எடுங்க."

"எடுத்துட்டேம்மா. கப்பல்தான் நிக்க மாட்டேங்கறது."

"கடைசியா எத்தனை தரம் அமுக்கினீங்க?"

"மரியாதைக்கு ஒண்ணு சேர்த்து அமுக்கினேன்."

பக்கத்தில் நின்ற கீதாஞ்சலியின் போன் அடித்தது. கப்பல் கேப்டன். தான் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்பதாகவும், குடித்து முடித்த டீ கிளாசில் டீ திரும்ப நிறைந்திருப்பதாகவும், இதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டார்.

"தூர் பாபா," என்று சலித்துக்கொண்டாள் கீதாஞ்சலி, போனைப் பொத்திக்கொண்டு. "பேக்னா ஒரு பக்கம்தானே பின்னால போகணும்? இது ஆப்பை விட்டே வெளியில தள்ளுது. நான் கார்பன் பேப்பரை எடுக்கட்டுமா?"

"எடுத்து வையுங்க, தீதி. கிரைண்டர் வந்ததும் அதுல மடிச்சுக் குடுக்கலாம்," என்று சொல்லிவிட்டு பூர்ணிமா தன் லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் செய்தது அதிகமில்லை. வருகிற பிரவுசருக்கு முகவரியை மாற்றத் தெரியுமா என்று ஆப்பே முதலில் சோதித்துக்கொள்ளும். தெரிந்தால் பழையபடி. தெரியாவிட்டால் முகவரியின் நடுவே ஒரு ஹேஷ் குறி போட்டு, போக வேண்டிய இடத்தை அதற்குப் பின்னால் எழுதும்.

கீதாஞ்சலி எட்டிப் பார்த்தாள். "என்ன இது, முகவரி நடுவுல கோலம் போட்டு வச்சிருக்க?"

"உங்க ஷியாம்பஜார் வீட்டுக் கதைதான், தீதி. மீன்காரன் வாசல் வரைக்கும்தானே வரான்? மாடியில யாரு, எந்த ரூம்னு அவனுக்கு எதுக்கு? மேலேருந்து கயித்துல பையை விட்டு நீங்களே தூக்கிக்கறீங்க. இந்தக் குறிதான் வாசல். இதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது சர்வருக்குப் போகவே போகாது. ஆப் தானே பார்த்துத் தூக்கிக்கும். எந்தக் கிழட்டு பிரவுசருக்கும் இது தெரியும்."

"கிழம்னா தெரியாதுன்னு யார் சொன்னா?" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"உங்களை இல்ல மாமா. இப்ப ஃபார்வர்ட் அமுக்குங்க. மெதுவா."

அவர் அமுக்கினார். கேப்டன் போனில், "டீ குறையுது," என்றார். இன்னொன்று அமுக்கினார், டயமண்ட் ஹார்பர். இன்னொன்று, கிடர்பூர். உற்சாகம் தாங்காமல் மறுபடியும் அமுக்கினார். கப்பல் டாக்கில் நிற்காமல் ஆற்றில் மேலேறிப் போய் ஹவுரா பாலத்தை மூக்கால் தொட்டது. பாலத்தின் மேல் டாக்ஸிகள் நின்றுவிட்டன. ஒரு டிரைவர் இறங்கிவந்து கப்பலைத் திட்டினான்.

கீதாஞ்சலி கார்பன் பேப்பர் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"பேக், மாமா. ஒண்ணே ஒண்ணு," என்றாள் பூர்ணிமா, குரல் மாறாமல்.

"மறுபடியும் தூத்துக்குடி போயிடுத்துன்னா?"

"போகாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். கப்பல் ஒரே ஒரு பக்கம், ஒரு முழம் கூடாமல் குறையாமல், பின்னால் வந்து கிடர்பூர் டாக்கில் நின்றது. கிரேன் கன்டெய்னரை எடுத்து லாரியில் வைத்தது.

"இப்ப கேட் பாஸ். உங்க பிள்ளையார் குட்டையும் போட்டுக்கோங்க."

அவர் தயங்கிப் பூர்ணிமாவைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மூன்று தரம் ரிஃப்ரெஷ் அமுக்கினார். மூன்று தரமும் அதே பக்கம், அதே இடத்தில், அசையாமல் வந்து நின்றது. நாலாவதாக ஒன்று அமுக்கிப் பார்த்தவள் கீதாஞ்சலி. அப்போதும் அசையவில்லை. பிரின்டர் முனகிக்கொண்டே கேட் பாஸைத் துப்பியது.

தெருமுனைப் பந்தலில் பூஜை மேளம் அடிக்கத் தொடங்கிய நேரத்தில் லாரி கேட்டைத் தாண்டியது. கீதாஞ்சலி கார்பன் பேப்பர் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள். "ஆப் இருக்கட்டும்," என்றாள். பூர்ணிமா, அது எப்போது போவதாக இருந்தது என்பது போல அவளைப் பார்த்தாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டது: அந்த ஆபீசுக்கு இன்றுவரை இன்டர்நெட் இணைப்பே வரவில்லை.