செபஸ்தியம்மாவின் நெஞ்சுக்குள் குளவிக்கூடு

ஹாலிஎலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் செபஸ்தியம்மாவின் இருதயத்துக்குள் குளவிக்கூடு இருப்பது, 2023 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதுளையில் ஸ்கேன் எடுத்தபோது தெரியவந்தது. அவள் போனது கழுத்துக் கழலை ஆபரேஷனுக்கு. அதற்கு முன்னால் இருதயத்தையும் பார்த்துவிடுவது வழக்கம். இடப்பக்க அறையின் கூரையில் கூடு தொங்கியது; வால்வு திறக்கும் நேரம் பார்த்துக் குளவிகள் போய் வந்துகொண்டிருந்தன. டாக்டர் அளந்து, இரண்டு தசம் ஒரு சென்ரிமீட்டர் என்று எழுதினார். "வெட்டி எடுக்க ஏலாது. பயப்படாம இருங்க, நெஞ்சு படபடத்தா அதுங்க கலைஞ்சிரும்," என்றார். பயப்படாதே என்பதைப் போலப் பயமுறுத்துகிற வார்த்தை உலகத்தில் வேறில்லை.

குளவி கொட்டிச் செத்தவர்களை அந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே லயமே அடங்கிப்போனது. கோயில் மணியின் நாக்கில் துணி சுற்றினார்கள். சேவல்கள் குழம்பாயின. இருபது வருஷம் கத்தியே பேசிய புருஷன் ஞானசீலன் கிசுகிசுக்கப் பழகினான். இதற்காகவே குளவிகளுக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றலாம் என்றாள் அடுத்த வீட்டு இராக்கம்மா. செபஸ்தியம்மா சிரிக்கவில்லை. சிரித்தாலும் படபடக்குமே. பயப்படவும் பயந்து இரண்டு வருஷம் நடமாடினாள். ஒன்பது வயது மகள் றொஷேல் மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் நெஞ்சில் காதை வைத்து ரீங்காரம் கேட்பாள்.

2025 மார்ச்சில் மறுபடி எடுத்த ஸ்கேனில் கூடு காலி. ஞானசீலன் ஆஸ்பத்திரி வாசலிலேயே பழைய குரலில் கத்தினான். செபஸ்தியம்மாவுக்கோ மகள் தினமும் நெஞ்சில் காதை வைத்ததுதான் நினைவுக்கு வந்தது. குளவி கூட்டை விட்டால் செத்துப்போவதில்லை. பக்கத்திலேயே வேறு இடம் பார்க்கும். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். மறுநாளே மகளை அதே அறைக்கு இழுத்துப் போனாள். திரையில், பிள்ளையின் சின்ன இருதயத்தில், சுண்டைக்காயளவு புதுக்கூடு தொங்கியது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலம்மா," என்றாள் றொஷேல்.

வீட்டுக்கு வந்து பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை நாள் தன் சாவுக்குப் பயந்த பயமெல்லாம் பயமே அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. "எங்கிட்டயே வந்துருங்க. பழைய கூடு அப்படியேதான் இருக்கு. இது சின்னப் புள்ள, எடம் பத்தாதுங்க," என்று குளவிகளிடம் மரியாதையாகச் சொன்னாள். மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை விடவுமில்லை. நான்காம் நாள் காலை ரீங்காரம் தன் பக்கம் கேட்டது. எல்லாம் வந்து சேரும்வரை அசையாமல் இருந்தாள். பிறகு றொஷேலுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மெதுவாக மலையேறினாள்.